தாமசம் எங்கே?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். நடந்த சங்கதியில் பிழை இருந்தால் அது என்னுடையது அல்ல. அது பட்டணம் விட்டுக் குடிபோவோர் சகாய ஆபீஸைச் சேர்ந்தது.

என் பெயர் ராக்கப்பன். கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லில் கேட்டுக்காரன். சங்கு ஊதினதும் கேட்டைச் சாத்த வேண்டும். சாத்தின பிறகு ஓடி வருகிறவனிடம், "தாமசம், திரும்பிப் போ" என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக இந்த இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்தேன். பெற்ற மகனையே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் தாமசம் என்கிற வார்த்தைக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீடு லைன் வீடு. ஒரே அறை. நான், என் பெண்சாதி கமலாத்தாள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று. ராத்திரி ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமென்றால் மற்ற ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். அந்த அறைக்கும் கேடு வந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் வீட்டுக்காரர் வந்து, லைனை இடித்துவிட்டு சினிமாக் கொட்டகை கட்டப்போவதாகவும், தை மாதக் கடைசியில் ஓட்டைப் பிரிப்பதாகவும் சொன்னார். அப்போது உள்ளே ஆள் இருந்தாலும் பிரிப்பேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

மில்லில் ஒருவன் சேதி கொண்டுவந்தான். கேரள ராஜ்யம் புதிதாக உண்டானதும் பாலக்காட்டில் ஒரு ஆபீஸ் திறந்திருக்கிறார்களாம். நெரிசலில் தவிக்கிற பட்டணத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சிக்கோட்டிலோ முதலமடையிலோ ஓட்டு வீடு தருகிறார்களாம். ஆம்பளை தினமும் ரயிலேறி மில்லுக்கு வந்துவிட்டுப் போகலாமாம். நான் நம்பவில்லை. சர்க்கார் சும்மா எதையும் தராது என்றேன்.

"நம்பாட்டிப் போகுதுங்க. ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்து, அப்பறம் நம்பாம இருங்க" என்றாள் கமலாத்தாள்.

அதற்கு முன்பே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு முதலமடை. மாந்தோப்பு இருக்கிறது, மாங்காய்க்குக் குறைவில்லை, பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது என்றாள். எனக்குக் கஞ்சிக்கோடு. ஒரே வண்டியில் ஏறி இறங்கலாம். முதலமடை என்றால் பொள்ளாச்சியில் வண்டி மாறி, சங்கு ஊதின பிறகு மில்லுக்கு வந்து, நானே என்னைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். கஞ்சிக்கோட்டில் கணவாய்க் காற்று கொடியில் போட்ட வேட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும் என்று அவள் சொன்னாள். அடுத்த ஊர்க்காரன் வேட்டி நமக்கு வராதா என்று நான் கேட்டேன். அதோடு ஒரு வாரம் பேச்சு நின்றது.

பாலக்காட்டு ஆபீஸைப் பார்த்தேன். பழைய பங்களா. ஏழு அறைகள். பின்னால் ஒரு கிணறு, கல்கண்டு மாதிரித் தண்ணீர். ஒரு பலாமரம். சமையலறையில் ஆறு அடுப்பு. இதெல்லாம் மூன்று ஆட்களுக்கு. அதில் ஒருவரான கிளார்க் லீவில் இருந்தார். அவரைக் கடைசிவரை நான் பார்க்கவேயில்லை. மற்ற இருவர், பியூன் பாவாவும் ஸ்பெஷல் ஆபீசர் யக்ஞநாராயணனும்.

பாவாவின் குடும்பம் பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். கடையில் இவருக்குப் பேச்சு அதிகம், வியாபாரம் குறைவு என்பதால் இவரைப் பியூனாக அனுப்பிவிட்டார்களாம். ஆபீஸ் பிறந்த கதையை அவர்தான் சொன்னார். ராஜ்யங்களைப் பிரித்துச் சேர்த்தபோது சில ஆபீசர்கள் எந்த நாற்காலியிலும் அடங்காமல் மிஞ்சிவிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். நாற்காலிக்கு மேஜை வேண்டும், மேஜைக்குக் காகிதம் வேண்டும், காகிதத்துக்கு ஜனங்கள் வேண்டும். அந்த ஜனங்கள்தான் நாங்கள்.

யக்ஞநாராயணன் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். வீட்டில் தமிழ் பேசுகிறவர். நானும் தமிழ், அவரும் தமிழ், இனி பயமில்லை என்று நினைத்தேன். கெட்டது அங்கேதான்.

"ஆறு மாசமாச்சு இந்த ஆபீஸ் தொறந்து" என்றார் அவர். "இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பு நடந்ததுன்னு ஒருத்தர் சொல்ல முடியாது. ஒண்ணும் நடந்தாத்தானே ஓய், தப்பு நடக்கும்?"

நானும் என் பெண்சாதியும் கஞ்சிக்கோடா முதலமடையா என்று ஒரு மாதமாக யோசித்து வருவதாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குடும்பத்துக்குள்ளேயே யோசித்தால் சர்க்கார் எதற்காக இருக்கிறது என்று கேட்டார். ஊரைத் தேர்ந்தெடுப்பது ஆபீஸின் வேலை, அதில் குடித்தனக்காரர் தலையிடுவது பழைய ராஜ்யத்தின் கெட்ட பழக்கம் என்றார். ஆபீஸ் எப்படித் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டேன். சோதனைப் பிரயாணம் என்றார்.

விதி இதுதான். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரயிலில் போய் வர வேண்டும். ஆறு கஞ்சிக்கோட்டுக்கு, ஆறு முதலமடைக்கு. வீட்டில் நித்தம் உபயோகிக்கிற கனமான சாமான் ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும். குடிபோகிற கஷ்டம் முன்கூட்டியே பழக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாதே, வேலைக்குப் போகிற நாளில் அல்லவா சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். வேலை நாளில் வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்துவிடுவார்கள், சோதனை சுத்தமாக இராது என்றார்.

கமலாத்தாள் அம்மிக்கல்லை எடுத்துக்கொண்டாள். விதி எழுதினவனை நினைத்துக்கொண்டு தூக்கினால் கனம் தெரியவில்லை என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனால் சோதனைப் பிரயாணக்காரர்கள் முன்னூறு குடும்பத்துக்கு மேல் நிற்கிறார்கள். ஒருவன் தையல் மெஷின், ஒருவன் கயிற்றுக் கட்டில், ஒருத்தி ஆட்டுக்கல். தகரப்பட்டறைக்காரர் ஒருவர் பட்டறைக் கல்லையே கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் எருமைக் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இதுவும் வீட்டில் நித்தம் உபயோகிக்கிறதுதான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றது. கஞ்சிக்கோட்டுப் பாதையும் பொள்ளாச்சிப் பாதையும் பிரிவதற்கு முன்னால் ஒரு பொட்டல். பெயர் புளியம்பள்ளம். ஊர் இல்லை, வீடு இல்லை. ஒரு புளியமரம், ஒரு பள்ளம், ஒரு கைகாட்டி மரம். டிரைவர் கைகாட்டியைப் பார்த்தார். கைகாட்டி டிரைவரைப் பார்த்தது. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று.

எந்த ஊர் வண்டியானாலும் அங்கே நின்றது. முதல் வாரம் பெட்டிக்குள் வெந்தோம். இரண்டாம் வாரம் இறங்கி நிழலில் நின்றோம். மூன்றாம் வாரம் கமலாத்தாள் புளியமரத்தடியில் அம்மியைப் போட்டுத் துவையல் அரைத்தாள். ஐந்தாம் வாரம் கயிற்றுக் கட்டில் வாடகைக்குக் கிடைத்தது, தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக் கொடுத்தார்கள், முறுக்கு விற்கிறவர் டவுனிலிருந்து நடந்தே வந்துவிட்டார். எட்டாம் வாரம் எருமைக் கன்றுக்காரர் பெண்ணுக்கும் தகரப்பட்டறைக்காரர் பையனுக்கும் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கைகாட்டி இறங்கியதும் எல்லோரும் விழுந்தடித்து ஏறுவோம். ஊர் போய்ச் சேருகிறபோது திரும்பும் வண்டி தயாராக நிற்கும். பன்னிரண்டு வாரத்தில் நான் பார்த்த கஞ்சிக்கோடு ஒரு பெயர்ப்பலகை. அவள் பார்த்த முதலமடை ஒன்றரை மாமரம்; மீதிப் பாதியை வண்டி மறைத்தது.

அப்புறம் விசாரணை. ஸ்பெஷல் ஆபீசரே கேட்டு எழுதினார். அறுபத்தோரு கேள்வி. என் மாமனாருக்குக் காது கேட்குமா என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. முப்பத்தேழாவது கேள்விக்கு வந்தார்.

"தாமசம் எங்கேயாக்கும்?"

அறுபத்தொன்றில் ஒன்றாவது உருப்படியாகக் கேட்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

"புளியம்பள்ளம் கைகாட்டிலீங்க."

"ஸ்திரமாவா?"

"ஸ்திரமாத்தானுங்க. ஒரு வாரந் தப்பறதில்லை."

"குடும்பத்தோடயா?"

"குடும்பத்தோடதானுங்க. அம்மிக்கல்லு முதக்கொண்டு."

"அங்கே சௌகரியமெல்லாம் எப்படி?"

"நெழலுக்கு மரம் இருக்குதுங்க. தண்ணிதான் இல்லை."

அவர் என்னைக் கண் கலங்கப் பார்த்தார். கஷ்டப்பட்டவன் என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற முன்னூற்றுச் சொச்சம் பேரும் அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் சொன்னார்கள். ஒரே வண்டியில் போனவர்கள் வேறு என்ன சொல்வார்கள்.

மார்கழி வரை பதில் இல்லை. ஒரு நாள் முறுக்குக்காரர் மில் கேட்டுக்கே வந்து, புளியம்பள்ளத்தில் உனக்குத் தபால் கிடக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். கைகாட்டி மரத்தடியில் ஒரு கல்லை வைத்து முன்னூற்றுப் பன்னிரண்டு கடிதத்தை அடுக்கியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி என்னுடையதைப் படித்தேன். 'மேற்படி ராக்கப்பன் என்பவர் புளியம்பள்ளம் கைகாட்டியில் குடும்ப சகிதமாய் ஸ்திரவாசம் செய்துவருவது அவர் வாய்மொழியாலேயே தெரிய வருவதால், பட்டணவாசிகளுக்கு மட்டும் உரித்தான ஓட்டு வீடு அவருக்கு அளிக்க வழியில்லை.'

அடுத்த வண்டியில் பாலக்காடு போய்ப் பாவாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பெரியவரே, எங்க ஊருல தாமசம்னா குடியிருக்கிறது. எங்கே தாமசம்னு கேட்டா, வீடு எங்கேன்னு அர்த்தம்."

அப்படியானால் நேரம் கழித்து வருவதற்கு இங்கே என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கும் தாமசந்தான்."

ஆபீஸ் நடத்துவதற்கென்றே உண்டாக்கின வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே யக்ஞநாராயணன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். சுவரில் பெரிய வரைபடம். கைகாட்டி இருக்கிற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

"கஞ்சிக்கோட்டிலே பதினோரு வீடு கட்டினோம். ஒருத்தர் வரலை. முதலமடையிலே பதினொண்ணு. அங்கேயும் வரலை. ஒண்ணுமே கட்டாத எடத்திலே முன்னூத்திப் பன்னெண்டு குடும்பம் தாமசம். இதிலேர்ந்து என்ன தெரியறது ஓய்? கட்டினதாக்கும் தப்பு."

வீடு யாருக்கும் கொடுக்காததால்தானே யாரும் வரவில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை. பாவா மட்டும், அந்த இடம் மதராஸ் ராஜ்யத்தில் அல்லவா இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். யக்ஞநாராயணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் நம்முடைய ராஜ்யம் வளர்கிறது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புத் திறப்பு விழா. கைகாட்டி மரத்துக்கு மாலை. புளியமரத்துக்குத் தோரணம். பெயர் வெட்டின கல் ஒன்று. சோதனை முடிந்தாலும் பழக்கம் விடாததால் நாங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் வண்டியில் வந்து நின்றோம். யக்ஞநாராயணன் கயிற்றுக் கட்டில்மேல் ஏறிப் பேசினார்.

"இங்கே கெணறு இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. வீடுன்னு ஒண்ணுகூட இல்லை. ஆனாலும் ஒரு மனு வந்திருக்கா? ஒரு புகார் வந்திருக்கா? இப்படித் திருப்தியுள்ள ஜனங்களை நான் பார்த்ததில்லை. மத்த ஊர்க்காராளும் எல்லாத்தையும் இடிச்சுட்டு இவாளைப் பார்த்துப் படிக்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கைகாட்டி இறங்கியது. வண்டி ஊதியது. குடியிருப்பு முழுவதும் அம்மி, ஆட்டுக்கல், எருமைக் கன்று சகிதம் ஓடி ஏறிவிட்டது. கட்டில்காரன் கட்டிலை இழுத்தான்; ஆபீசர் பாவாவின் தோளைப் பிடித்து இறங்கினார். அன்றைய குறிப்பில் அவர் எழுதியதைப் பாவா எனக்குப் படித்துக் காட்டினார்: 'குடிமக்கள் சுறுசுறுப்பானவர்கள். ஞாயிறென்றும் பாராமல் அனைவரும் வேலைக்குப் புறப்பட்டுப் போயினர்.'

நான் திருத்த மனுப் போட்டேன். மனுவை விசாரிக்க மனுதாரர் வசிக்கும் இடத்துக்கே ஆபீசர் போக வேண்டும் என்று விதி. அவர் புதன்கிழமை போயிருக்கிறார். நான் மில் கேட்டில் நிற்கிறேன். 'மூன்று முறை கதவைத் தட்டச் சென்றோம். கதவு இல்லை. ஆகவே மனுதாரர் திறக்க மறுத்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கைகாட்டியில் ஒட்டிவிட்டார்.

தை முடிந்தது. வீட்டுக்காரர் சொன்ன தேதியில் ஓட்டைப் பிரித்தார். பேரப்பிள்ளைகள் படுத்துக்கொண்டே ஆகாயம் பார்த்தார்கள். அவர்களுக்குக் குதூகலம். மருமகள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். சுவருக்கு மூன்று நாள் கெடு கொடுத்திருந்தார். கமலாத்தாள் அம்மியைத் தூக்கிக்கொண்டு, நானும் பாலக்காடு வருகிறேன் என்றாள். கூரையில்லாத வீட்டில் அம்மியை விட்டுவர அவளுக்கு மனமில்லை.

ஆபீஸில் அவள் பின்பக்கம் போய்க் கிணற்றில் நீர் சேந்திக் குடித்தாள். நான் உள்ளே போனேன். வார்த்தை மாறிப்போன கதையை முதலிலிருந்து சொன்னேன். யக்ஞநாராயணன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதைத் திருத்த மிகவும் சுலபமான வழி உண்டு என்று ஒரு புதுப் பாரத்தை எடுத்தார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டார்.

"தாமசம் எங்கே?"

எனக்கு அந்த வார்த்தையின் பாலக்காட்டு அர்த்தம் அப்போது நன்றாகத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் கேட்டில் நின்ற நாக்கு. கூரையில்லாத வீடு வேறு கண்ணில் நின்றது.

"தாமசமா? அத்தனை தாமசமும் இந்த ஆபீஸ்லதானுங்க. வேறெங்கயும் இல்லை."

"ஸ்திரமாவா?"

"நீங்க இருக்கற வரைக்கும் ஸ்திரந்தானுங்க."

எழுதினார். சீல் வைத்தார். நகல் ஒன்று என் கையில் கொடுத்தார். ஆபீஸ் திறந்து இதுதான் முடிந்துபோன முதல் காரியம் என்று சொல்லி எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்து பாவாவிடம் நகலைக் கொடுத்தேன். அவர் ஒரு தரம் தனக்குள் படித்தார். பிறகு கமலாத்தாளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். 'ராக்கப்பன் என்பவர் குடும்ப சகிதமாய் இந்த ஆபீஸில் ஸ்திரவாசம்.'

தலையில் கை வைத்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு திருத்த மனு, இன்னொரு மாதம், சுவருக்கு மூன்று நாள். கமலாத்தாள் கிணற்றைப் பார்த்தாள். பங்களாவைப் பார்த்தாள்.

"சீலு போட்டாச்சுங்களா?" என்று பாவாவைக் கேட்டாள்.

போட்டாச்சு என்றார்.

"அப்பறம் என்னத்துக்கு ஒக்காந்திருக்கறீங்க? எந்திரிச்சுப் போய்ப் புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. நா அடுப்பப் பத்த வெக்கறேன்."

சமையலறையில் அம்மியை இறக்கி வைத்த சத்தம் ஸ்பெஷல் ஆபீசர் அறை வரை கேட்டது.

மறுநாள் மற்ற ஆறு பேரும் வந்து இறங்கினோம். யக்ஞநாராயணன் நகலை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். விளக்கில் காட்டிப் பார்த்தார். சீல் அவருடையதுதான்.

"எழுதினது நானாக்கும்" என்றார் கடைசியில். "இது தப்புன்னு சொன்னா, ஆபீஸ் தப்புப் பண்ணித்துன்னு ஆயிடும். ஆபீஸ் தப்புப் பண்ணாது. ஆகக்கூடி நீர் இங்கேதான் தாமசம். எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாமப் போயிடுத்து."

அதோடு போயிருந்தால் சேர்ந்தே இருந்திருக்கலாம். அவர்தான் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு குடும்பம் வாசம் செய்கிற வீட்டில் சர்க்கார் ஆபீஸ் நடத்த வேண்டுமானால் வீட்டுக்காரியின் சம்மதம் வேண்டும் என்று ஒன்பதாம் விதி. அவர் எழுதினதே. பாவா போய்க் கமலாத்தாளைக் கேட்டார். அவள் சம்மதித்தாள். செருப்பை வெளியே விட வேண்டும். மூக்குப்பொடி கூடாது. பிள்ளைகள் தூங்கும்போது மணி அடிக்கக் கூடாது. நாலு நாள் ஆபீசர் வெறுங்காலோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாவாவைக் கை தட்டிக் கூப்பிட்டார். ஐந்தாம் நாள் என் சின்னப் பேரன் புளியம்பள்ளம் வரைபடத்தில் காற்றாடி செய்துவிட்டான். ஆபீஸ் வேறு இடம் போவது என்று முடிவாயிற்று.

எங்கே போவது என்று கேட்டேன். கஞ்சிக்கோடா முதலமடையா என்று யோசிப்பதாகச் சொன்னார். நீங்களே யோசிக்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. தன் ஆபீஸுக்குத் தானே ஒரு மனு எழுதினார். தானே வாங்கினார். சோதனைப் பிரயாணத்துக்கு உத்தரவு போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பெஷல் ஆபீசர் இரும்பு பீரோவோடு ரயிலில் போகிறார். அதுதான் ஆபீஸில் நித்தம் உபயோகிக்கிற கனமான சாமான். புளியம்பள்ளத்தில் வண்டி நிற்கும்போது முறுக்குக்காரர் பீரோமேல் கடை போடுகிறார் என்று கேள்வி. நான் தினமும் பாலக்காட்டிலிருந்து வண்டியேறி மில்லுக்கு வருகிறேன். வேலை நாளில் அந்தக் கைகாட்டி வண்டியை நிறுத்துவதில்லை. முன்னைவிட ஒரு மணி நேரம் முந்தி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏழு பேரும் ஏழு பக்கமும் புரண்டு படுக்கிறோம். மற்றவர்களில் சிலருக்கும் ஒரு வழி பிறந்தது. பாவா தன் சாவிக்கொத்தை எங்கோ கைதவற விட்டார். அது எப்படியோ எருமைக் கன்றுக்காரர் கையில் கிடைத்தது. கஞ்சிக்கோட்டிலும் முதலமடையிலும் இருபத்திரண்டு வீட்டிலும் ஆட்டுக்கல் சத்தம் கேட்கிறதாம். சோதனைக்குப் போகிற ஆபீசர் அந்த ஊர்களைப் பெயர்ப்பலகையாகத்தான் பார்க்கிறார் என்பதால் அவருக்கு இது ஒன்றும் தெரியவில்லை.

தெரியாமல் தேடி வருகிறவர்களுக்காகப் பாவா கேட்டில் ஒரு சிலேட்டு மாட்டினார். 'ஆபீஸுக்கு இப்போது தாமசம் இல்லை.' பாலக்காட்டுத் தமிழில் அது நிஜம்.

போன வாரம் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் உரலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சிலேட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"பரவால்லீங்களே, தாமசம் இல்லைன்னு எழுதியே போட்டுட்டாங்க" என்று சொல்லி, உரலை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கமலாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போட்டாள்.